ஜெனோவாவின் இன்பாக்ஸ்

ஜூன் 19, திங்கள்

கப்பலில் தினமும் லாக் எழுதிப் பழகிய கை. கரையில் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. மகள் ஷெரின் போன வருஷக் கடைசியில் வாங்கிக் கொடுத்த டைரி பிரிக்காமலே கிடந்தது. இன்றைக்குப் பிரித்துவிட்டேன். பாதி வருஷம் வீணாகிவிட்டது, பரவாயில்லை.

நான் கஸ்பார் மோத்தா. சீஃப் இன்ஜினியர். மார்ச்சில் இறங்கினேன். இத்தனை நாள் சேர்ந்தாற்போல் தூத்துக்குடி வீட்டில் இருந்தது கல்யாணமான புதிதில்கூட இல்லை. இந்த வாரம் மோட்டார், வாசல் கேட், மிக்ஸி மூன்றையும் கழற்றிப் பூட்டினேன். மிக்ஸியைக் கழற்றும்போது மனைவி ஜெனோவா, "நல்லா ஓடிட்டிருந்தத ஏங்க கழட்டுதீங்க?" என்றாள். ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்ப்பதுதான் பராமரிப்பு. அது அவளுக்குப் புரியாது.

கம்பெனியிலிருந்து மெயில். டேங்கர், நான்கு மாதம், ஆகஸ்டில் ஏற வேண்டும். மெடிக்கல் முடித்துவிட்டு ஜூலைக்குள் பதில் சொல்லச் சொல்கிறார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுதினேன். ஜெனோவாவிடமும் சொன்னேன். "உங்க இஷ்டம்" என்று மீனைக் கழுவப் போய்விட்டாள்.

ஜூன் 21, புதன்

இந்த வீட்டுக்கு மதியம் ஆட்கள் வருகிறார்கள். என்னைப் பார்க்க இல்லை, ஜெனோவாவைப் பார்க்க. கப்பலுக்குப் போனவர்களின் மனைவிகள், அம்மாக்கள். சம்பளம் வராதது, பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்துக்கொண்டது, ஆளிடமிருந்தே தகவல் இல்லாதது என்று எல்லாக் கதையும் சாப்பாட்டு மேஜைக்கு வருகிறது. ஜெனோவா கல்யாணத்துக்கு முன் ஷிப்பிங் ஏஜென்ட் ஆபீசில் வேலை பார்த்தவள். ஆங்கிலத்தில் கடிதம் எழுதத் தெரியும், யாருக்கு எழுத வேண்டும் என்றும் தெரியும். ஏதோ அக்கம்பக்கத்துக்கு உதவுகிறாள் என்றுதான் கப்பலில் இருந்தவரை நினைத்திருந்தேன். இது அக்கம்பக்கம் இல்லை. நேற்று ராமேஸ்வரத்திலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார்.

இன்று பேச்சித்தாய் வந்தாள். அவள் புருஷன் இசக்கிமுத்து ஒரு சரக்குக் கப்பலில் ஆயிலர், இன்ஜின் ரூமில் எண்ணெய் போடுகிற ஆள். வளைகுடாவில் ஒரு துறைமுகத்துக்கு வெளியே கப்பலை நங்கூரம் போட்டுவிட்டு முதலாளி கைகழுவிவிட்டான். ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. சம்பளம் இல்லை, இறங்கவும் விடவில்லை. ஜெனோவா கடைக்குப் போயிருந்தாள். பேச்சி என்னிடம் காப்பி கேட்டாள். பால் காய்ச்சி நல்லதாகப் போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டு ஒரு மாதிரி முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜெனோவா வந்த பிறகுதான் தெரிந்தது, அவள் கேட்டது போன வாரம் அனுப்பிய மெயிலின் காப்பி. இந்தக் காலத்துப் பிள்ளைகள் வாயைத் திறந்து பேசுவதில்லை.

சாயங்காலம் இன்டர்நெட் கம்பெனியிலிருந்து ஒரு அறிவிப்பு. உள்ளூர்க் கம்பெனி, கனெக்‌ஷன் கொடுத்தபோது ஒரு மெயில் முகவரியும் கொடுத்திருந்தார்கள். ஜூலை 31-ஆம் தேதியோடு அந்த மெயில் சேவையை நிறுத்துகிறார்களாம். ஜெனோவா இரண்டு முறை படித்தாள்.

"இதுலதாங்க எல்லாம் இருக்கு."

"எல்லாம்னா?"

அவள் டைனிங் ஹாலின் மூலையில், பூப்போட்ட துணி உறைக்குள் இருக்கும் பழைய கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

ஜூன் 23, வெள்ளி

நிலைமையை ஆராய்ந்தேன். ஜெனோவாவின் மெயில்கள் கம்பெனியின் சர்வரில் இல்லை. அங்கே சமீபத்தில் வந்தவை மட்டும் கொஞ்ச நாள் கிடக்கும். மீதி எல்லாவற்றையும் மெயில் புரோகிராம் இந்தக் கம்ப்யூட்டருக்கே இறக்கிவிட்டது. பதிமூன்று வருஷத்து மெயில்கள், இந்த ஒரே ஹார்ட் டிஸ்கில். வேறு எங்கும் காப்பி கிடையாது. ஒரே பம்பை வைத்துக்கொண்டு கப்பலை ஓட்டியிருக்கிறாள். ஸ்டாண்ட்பை இல்லை.

சொன்னேன். "இத்தன வருஷம் ஓடிச்சில்லா?" என்றாள்.

ஜூன் 24, சனி

கம்ப்யூட்டர் சத்தம் போடுகிறது என்கிறாள் ஜெனோவா. டிக், டிக் என்று உள்ளேயிருந்து வருகிறதாம். ஒரு வாரமாக வருகிறதாம்.

பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தேன். ஒன்றும் இல்லை. ஃபேன் ஓடும் சத்தம்கூட இல்லை, அவ்வளவு அமைதியாக ஓடுகிறது. முப்பது வருஷம் மெயின் இன்ஜினின் சத்தத்தை வைத்தே எந்த சிலிண்டரில் கோளாறு என்று சொன்னவன் நான். இது அவள் பயம். நாள் நெருங்குகிறது என்று மனசு அடித்துக்கொள்கிறது, அதுதான் கேட்கிறது.

"ஒண்ணுமில்ல. ஜூலை மத்தியில நிதானமா மாத்திக்கலாம்" என்றேன்.

ஜூன் 25, ஞாயிறு

மாதா கோயிலில் காலைப் பூசை. புதுச் சாமியார் வாய்க்குள்ளேயே பிரசங்கம் வைக்கிறார். கோயிலில் மைக்கை மாற்ற வேண்டும். மதியம் சீலா மீன் குழம்பு.

ஜூன் 28, புதன்

இன்றைக்கு நடந்ததை எழுதியாக வேண்டும்.

ஜெனோவா பேச்சிக்காக ஏதோ தட்டிக்கொண்டிருந்தாள். சட்டென்று கையை எடுத்து, "இந்தா, இப்ப. கேக்குதா?" என்றாள்.

கேட்கவில்லை. பேச்சியைப் பார்த்தேன். அவள் தலையை ஆட்டினாள். "ஆமா அண்ணாச்சி. கெவுளி கத்துத மாதிரி இருக்கு."

இரண்டு பேரும் சேர்ந்து சொல்கிறார்களே என்று எழுந்து போய் கம்ப்யூட்டர் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தேன். இன்ஜின் ரூமில் பேரிங்குகளை அப்படித்தான் பார்ப்போம். முதலில் ஃபேனின் அதிர்வு மட்டும் இருந்தது. அப்புறம் அது வந்தது. விட்டு விட்டு ஒரு சின்னத் தட்டல், விரல் நுனியில். டிஸ்க் உள்ளே எதையோ படிக்கப் போய், முடியாமல் திரும்பி வந்து, மறுபடி போகிறது.

கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றேன். ஜெனோவா திரையைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டிஸ்க் போகப்போவுது. நாளைக்கே ஆரம்பிக்கணும்" என்றேன்.

மேஜை ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலில் சின்னச் சத்தம் யாருக்கும் கேட்காது.

ஜூன் 29, வியாழன்

ஷெரினுக்கு ஜெனோவா போன் போட்டாள். மகள் பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறாள். நான் வாங்கிப் பேசினேன், லைன் சரியில்லை. எல்லாவற்றையும் மெயிலில் எழுதி அனுப்பச் சொல்லிவிட்டு போனை ஜெனோவாவிடமே கொடுத்தேன்.

மெயில் வந்தது. பழைய கம்ப்யூட்டரைத் தேவையில்லாமல் ஆன் செய்யாதீர்கள். காப்பி எடுப்பதற்கு முன் மெயில் புரோகிராமை மூடிவிடுங்கள். அந்த மெயில் ஃபோல்டரை மொத்தமாக ஒரு புது வெளி ஹார்ட் டிஸ்கில் எடுங்கள். நான் அனுப்பும் லேப்டாப்பில் முதலில் நெட்டை இணைக்காமல் திறந்து, எல்லாம் வந்திருக்கிறதா என்று பாருங்கள். பார்க்கும்வரை பழையதில் எதையும் அழிக்காதீர்கள். கடைசி வரி: "அப்பா, அம்மா சொல்றத கேளுங்க."

இன்ஜின் ரூம் வேலையை எனக்கே சொல்லிக்கொடுக்கிறாள். அவளிடம் பழைய லேப்டாப் ஒன்று சும்மா கிடந்தது, கூரியரில் அனுப்பிவிட்டாளாம்.

ஜூலை 1, சனி

லேப்டாப் வந்துவிட்டது. வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கக் கடைக்குப் போக வேண்டும் என்றாள் ஜெனோவா. மதிய வெயிலில் எதற்கு? என்னிடம் கப்பலில் உபயோகித்த பெரிய பென் டிரைவ் இருக்கிறது, இடம் தாராளம். ஜெனோவா பேச்சியோடு பேங்குக்குப் போயிருந்த நேரத்தில் வேலையைத் தொடங்கினேன்.

காப்பி தடங்கல் இல்லாமல் போயிற்று. ஒரே ஒரு ஃபைல் மட்டும் போகமாட்டேன் என்று திரையில் ஏதோ வந்தது. ஸ்கிப் செய்யவா என்று கேட்டது, கொடுத்தேன். ஆயிரக்கணக்கான ஃபைல்களில் ஒன்று.

ஜூலை 3, திங்கள்

லேப்டாப்பில் எல்லாவற்றையும் ஏற்றி, மெயில் புரோகிராம் போட்டு, நாற்காலியைத் துடைத்து, ஜெனோவாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். இடது பக்கம் அவளுடைய ஃபோல்டர்கள் வரிசையாக, ஒவ்வொரு ஆளின் பெயரிலும். இசக்கிமுத்து, ராமேஸ்வரம் கேஸ், ஷெரின் காலேஜ், கஸ்பார். எல்லாம் அப்படியே.

"நல்லாருக்கே" என்றாள். எனக்கு மனசு குளிர்ந்தது.

பிறகு அவள் இன்பாக்ஸைத் திறந்தாள். ஒன்றுமே இல்லை. வெள்ளையாக இருந்தது.

"லோடு ஆகுது" என்றேன்.

காத்திருந்தோம். லோடு ஆகவில்லை.

"நான் எல்லாத்தையும் ஃபோல்டர்ல போடமாட்டேங்க. முக்கியமானது, அடிக்கடி பாக்குதது எல்லாம் இன்பாக்ஸ்லயேதான் கிடக்கும். கேப்டன் அனுப்பினது, சாப்பாடு இல்லன்னு படம் எடுத்து அனுப்பினது, எல்லாம்."

"பழசுல இருக்குல்லா. எங்க போயிரும்?"

"பழசு எத்தன நாளைக்கு இருக்கும்னு நீங்கதான சொன்னீங்க?"

குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்கும் பதிலுக்குக் கத்த வசதியாக இருந்திருக்கும். நான் எழுந்து மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டியைக் கழுவினேன்.

கழுவும்போதுதான் புரிந்தது. அந்த பென் டிரைவ் பழைய முறையில் ஃபார்மேட் செய்தது. எத்தனை இடம் இருந்தாலும், நான்கு ஜி.பி.க்கு மேற்பட்ட ஒற்றை ஃபைலை ஏற்காது. மெயில் புரோகிராம் ஒரு ஃபோல்டரின் மெயில்களை எல்லாம் ஒரே ஃபைலாகத்தான் வைக்கிறது. இன்பாக்ஸ்தான் எல்லாவற்றிலும் பெரியது. நான் ஸ்கிப் கொடுத்த அந்த ஒரு ஃபைல் அவளுடைய இன்பாக்ஸ்.

கீழே வந்து சொல்லிவிட்டேன். "ஸ்கிப் கொடுத்தது நான்தான்."

"சரி, விடுங்க. நாளைக்கு டிஸ்க் வாங்கிட்டு வருவோம்" என்றாள். "சேந்தே போவோம்."

ஜூலை 4, செவ்வாய்

புது ஹார்ட் டிஸ்க் வாங்கி வந்தோம். பழைய கம்ப்யூட்டரை ஆன் செய்வதற்கு முன் ஜெனோவா மாதா படத்தைப் பார்த்தாள். நான் ஜன்னலைத் திறந்து மேஜை ஃபேனைப் பெட்டியின் பக்கம் திருப்பி வைத்தேன். இருவரும் அவரவர் முறையைச் செய்தோம்.

முதல் முறை திரை கறுப்பாகவே நின்றது. அணைத்துவிட்டுக் காத்திருந்தோம். அந்த நேரத்தில் அவள் என்னிடம் இசக்கிமுத்து விஷயம் முழுவதையும் சொன்னாள். ஆகஸ்ட் முதல் வாரம் துறைமுகக் கோர்ட்டில் விசாரணை. அங்கே கப்பல் தொழிலாளர் யூனியனின் இன்ஸ்பெக்டர் ஒருவர் இவர்களுக்காகப் பேசுகிறார். கப்பலின் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காரர்கள், முதலாளி ஆட்களைக் கைவிட்டுவிட்டார் என்பதற்கு ஆதாரம் கேட்கிறார்கள். பிரிண்ட் எடுத்துக் கொடுத்தாலும் ஃபார்வர்ட் செய்தாலும் ஏற்கமாட்டார்கள். வந்த மெயிலை வந்தபடியே, எப்போது எங்கிருந்து வந்தது என்ற தலைப்பு விவரங்களோடு சேமித்துக் கொடுக்க வேண்டும். கப்பலில் கேப்டனின் கம்ப்யூட்டர் எப்போதோ செத்துவிட்டது. அங்கே இருப்பவர்களிடம் எதுவுமே இல்லை. இவளிடம்தான் இருக்கிறது.

"பத்து குடும்பம்" என்றாள். என் முகத்துக்கு நேராகத் திரும்பி, மெதுவாகச் சொன்னாள். அவள் எப்போதும் என்னிடம் அப்படித்தான் பேசுகிறாள் என்பதை இன்றைக்குத்தான் கவனித்தேன்.

இரண்டாம் முறை கம்ப்யூட்டர் எழுந்தது.

மொத்த ஃபோல்டரையும் எடுக்கப் போனேன். "வேண்டாம். முதல்ல இன்பாக்ஸ் மட்டும்" என்றாள். சரிதான். மூழ்கும் கப்பலில் முதலில் ஆட்களைத்தான் இறக்குவோம். மெயில் புரோகிராம் மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு அந்த ஒரு ஃபைலைத் தொடங்கினேன்.

பச்சைக் கோடு கொஞ்சம் நகரும், நிற்கும். நிற்கும்போதெல்லாம் நான் பெட்டியின் மேல் கையை வைத்தேன். தட்டல் இருந்தது. ஜெனோவா என் கையைப் பார்ப்பாள், நான் தலையை ஆட்டுவேன், மறுபடி திரையைப் பார்ப்பாள். இருவரும் மதியச் சாப்பாட்டை மறந்தோம். பேச்சி வந்து எட்டிப் பார்த்தாள். நிலைமையைப் புரிந்துகொண்டு, ஒன்றும் கேட்காமல் அடுக்களைக்குப் போய்ச் சாதம் வடித்தாள்.

கோடு முடிந்தது. மீதி ஃபோல்டர்களும் அதன் பின்னாலேயே வந்துவிட்டன.

அங்கேயே அப்போதே லேப்டாப்பில் ஏற்றித் திறந்தோம். ஜெனோவா என்னை நம்பவில்லை, அதற்காக நான் வருத்தப்படவில்லை. பழையதில் ஒவ்வொரு ஃபோல்டரிலும் எத்தனை மெயில் என்று பார்த்துச் சொன்னாள், நான் புதியதில் பார்த்துச் சொன்னேன். எல்லாவற்றிலும் முதல் மெயிலையும் கடைசி மெயிலையும் நடுவில் ஏதாவது ஒன்றையும் திறந்து படித்தாள். இணைப்புப் படங்களையும் விடவில்லை. அந்தப் படங்களில் ஒன்றில் இசக்கிமுத்தைப் பார்த்தேன். துருப்பிடித்த டெக்கில் மழைத்தண்ணீர் பிடிக்கப் பாத்திரங்கள் பரப்பியிருந்தார்கள். அவன் ஒரு பாத்திரத்தைத் தூக்கிக் காட்டிச் சிரிக்கிறான்.

பேச்சி கையில் கரண்டியோடு பின்னால் நின்று பார்த்தாள். "மெலிஞ்சிட்டாவ" என்றாள்.

எல்லாம் சரியாக இருந்தது. மூன்று பேரும் ஆறிப்போன சாதத்தைச் சாப்பிட்டோம். நல்ல ருசி.

ஜூலை 5, புதன்

பழைய கம்ப்யூட்டர் எழவில்லை. பெட்டியின் மேல் கை வைத்தேன். ஒன்றும் இல்லை.

ஜெனோவா துணி உறையைத் துவைத்து மடித்தாள்.

ஜூலை 9, ஞாயிறு

பூசை முடிந்து, இரண்டாவதாக ஒரு ஹார்ட் டிஸ்கில் இன்னொரு காப்பி எடுத்தோம். ஒரே வீட்டில் இரண்டு காப்பி வைத்தால் அது ஒரு காப்பிக்குச் சமம் என்று ஷெரின் எழுதியிருந்தாள். வீடு தீப்பிடித்தால்? கப்பல்காரனுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. திருச்செந்தூர் ரோட்டில் என் தங்கை வீட்டு பீரோவில் வைத்தோம். அது என்ன, நகையா என்றாள் தங்கை. "அதுக்கும் மேல" என்றாள் ஜெனோவா. தங்கை உடனே பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மாதத்தின் முதல் ஞாயிறு தோறும் அந்தக் காப்பியைப் புதுப்பிப்பது என்று முடிவு. இந்த வேலைக்கு நான் பொறுப்பு.

ஜூலை 12, புதன்

புது மெயில் முகவரி. அவளுக்கு எழுதும் எல்லோருக்கும் அதைச் சொல்லி ஒரு மெயில் போக வேண்டும். முகவரிகளை நான் வாசிக்க, அவள் சரிபார்த்தாள். சென்னை, மும்பை, லண்டன், மணிலா. தூதரகங்களில் இருப்பவர்கள், பாதிரியார்கள், யூனியன்காரர்கள். "இவரு யாரு?" என்று நான் கேட்டுக்கொண்டே வந்தேன். ஒவ்வொருவருக்கும் ஒரு கதை இருந்தது. நான் அட்லாண்டிக்கிலும் பசிபிக்கிலும் இருந்தபோது இந்த மேஜையில் நடந்த கதைகள்.

பதில்கள் உடனே வரத் தொடங்கிவிட்டன. மணிலாவிலிருந்து ஒரு பாதிரியார், "சிஸ்டர் ஜெனோவா, உங்கள் முகவரி மாறலாம், நீங்கள் மாறக் கூடாது" என்று எழுதியிருக்கிறார்.

"சிஸ்டரா? கன்னியாஸ்திரின்னு நெனச்சிட்டாரா?"

"நெனச்சா நெனச்சிட்டுப் போறாரு. வேலை சீக்கிரம் நடக்கும்."

அவள் பாத்ரூம் போயிருந்தபோது 'கஸ்பார்' என்ற ஃபோல்டரைத் திறந்தேன். காப்பி சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கத்தான். என் மெயில்கள் எல்லாம் இருந்தன. "ரீச்ட் ரோட்டர்டாம். ஆல் வெல்." "லெஃப்ட் சான்டோஸ். வெதர் ஃபைன்." "மெயின் இன்ஜின் ஓவர்ஹால் ஓவர். ஆல் வெல்." ஒன்றுகூட அழிக்காமல் வைத்திருக்கிறாள்.

காப்பி சரியாக வந்திருக்கிறது. மூடிவிட்டேன்.

ஜூலை 15, சனி

இன்ஸ்பெக்டரிடமிருந்து மெயில். ஆதாரங்கள் வந்தபடியே கிடைத்தன, நன்றி என்கிறார். கூடவே ஒரு கேள்வி. கப்பலில் மனிதர்கள் வசிக்க முடியாது என்பதை இன்ஜினியர் ஒருவர் விளக்கி எழுதினால் நன்றாக இருக்கும், யாராவது தெரியுமா?

ஜெனோவா லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள்.

இசக்கிமுத்து எழுதிய மெயில்கள் எல்லாவற்றையும் படித்தேன். ஆயிலர்தான், ஆனால் கண் உள்ளவன். ஒரு ஜெனரேட்டர் மட்டும், அதுவும் கூலிங் தண்ணீர் ஒழுகிக்கொண்டு. தினம் சிறிது நேரம் ஓட்டிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். தீயணைப்பு பம்ப் வேலை செய்யாது. இரும்புக்குள் வெயிலில் காற்றில்லாமல் படுப்பது எப்படி இருக்கும் என்று அவன் எழுதவில்லை. எனக்குத் தெரியும்.

காலையில் உட்கார்ந்தவன் விளக்கு வைக்கும்வரை எழுதினேன். ஜெனோவா படித்துவிட்டு, "நீளமா இருக்குன்னு நெனச்சேன், ஒரு வரிகூட வெட்ட முடியல" என்றாள்.

கம்பெனி மறுபடி கேட்டிருக்கிறது. மெடிக்கலுக்கு நாள் குறிக்க வேண்டுமாம். பார்க்கலாம்.

ஜூலை 18, செவ்வாய்

கார் டயர் வாங்கத் திருநெல்வேலி போனோம். தூத்துக்குடியிலும் கிடைக்கும், ஆனால் ஜெனோவாவுக்கு அங்கே ஒரு வேலை இருந்தது. பாளையங்கோட்டையில் ஒரு காது டாக்டர். மெடிக்கலுக்கு முன் ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லதுதானே, டோக்கன்கூட வாங்கியாயிற்று என்றாள்.

கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்குங்கள் என்றார்கள். முதலில் இரண்டு மூன்று முறை தூக்கினேன். அப்புறம் டெஸ்ட் எடுக்கும் பெண் வெகு நேரம் சத்தமே கொடுக்கவில்லை. மெஷினில் ஏதோ திருகிக்கொண்டே இருந்தாள். ரிப்பேர் போல என்று நினைத்து, கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஜெனோவா அவளுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையைத் தூக்கவா என்று சைகையில் கேட்டேன். இல்லை என்று தலையசைத்தாள். கண் கலங்கியிருந்தது.

திரும்பும்போது வல்லநாட்டில் வண்டியை நிறுத்தி டீ குடித்தோம்.

"எத்தன நாளா தெரியும்?" என்று கேட்டேன்.

"மார்ச்சுல நீங்க வந்த அன்னைக்கே. குக்கர் விசில் அடிச்சிட்டே இருந்துச்சு. நீங்க பக்கத்துல நின்னு பேப்பர் படிச்சீங்க."

டயர் நல்ல விலையில் கிடைத்தது.

ஜூலை 25, செவ்வாய்

மெஷின் வந்துவிட்டது. இரண்டு காதுக்கும். சின்னதுதான், முடிக்குள் தெரியாது. இந்த வீட்டில் இவ்வளவு இரைச்சல் இருப்பது எனக்குத் தெரியாது. ஃபிரிட்ஜ் முனகுகிறது, மாடிக்கதவு கிறீச்சிடுகிறது, நான் சரிசெய்த மிக்ஸி பேயாக அலறுகிறது. கீல்களுக்கெல்லாம் எண்ணெய் போட்டேன்.

ஜெனோவா வேலை செய்யும்போது தனக்குள் பாடுகிறாள். எத்தனை வருஷமாகப் பாடுகிறாள் என்று கேட்கவில்லை.

ஜூலை 26, புதன்

பனிமய மாதா கோயில் கொடியேற்றம். வெடிச் சத்தத்துக்கு மெஷினைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். இதுவும் ஒரு வசதி.

ஜூலை 30, ஞாயிறு

கம்பெனிக்குப் பதில் போட்டேன். வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி. ஜெனோவா என்ன எழுதினீர்கள் என்று கேட்கவில்லை, ஆனால் மத்தியானம் இறால் தொக்கு.

ஆகஸ்ட் 1, செவ்வாய்

பழைய மெயில் முகவரி இன்று முதல் இல்லை. ஒன்றும் நடக்கவில்லை.

ஆகஸ்ட் 9, புதன்

மதியம் இன்ஸ்பெக்டரின் மெயில். ஜெனோவா சத்தமாகப் படித்தாள். கோர்ட் கப்பலை விற்க உத்தரவிட்டிருக்கிறது. இன்ஷூரன்ஸ்காரர்கள் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். பத்து பேரையும் அவர்கள் செலவில் ஊருக்கு அனுப்புகிறார்கள், இப்போதைக்குச் சம்பளத்தில் ஒரு பங்கு, மீதி கப்பல் விற்றதும். மெயில்கள் அசலாக இருந்ததால் எதிர்த்தரப்பு வக்கீல் தேதிகளைப் பற்றிக் கேள்வியே எழுப்பவில்லையாம். இன்ஜினியரின் அறிக்கையை நீதிபதி முழுவதும் படித்தாராம்.

பேச்சிக்கு போன் போட்டோம். நான்தான் பேசினேன். அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. மெஷினில் கோளாறோ என்று தொட்டுப் பார்த்தேன். பிறகு அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

ஆகஸ்ட் 29, செவ்வாய்

காலையில் சென்னை ரயில். பேச்சியோடு நாங்களும் ஸ்டேஷனுக்குப் போனோம். பெட்டி பெட்டியாகத் தேடினோம். இசக்கிமுத்து எங்களுக்குப் பின்னாலிருந்து வந்தான், தோளில் ஒரு பை மட்டும். பேச்சி அழுவாள் என்று நினைத்தேன். அவள் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "செருப்பு எங்க?" என்றாள். ரயிலில் யாரோ எடுத்துப் போய்விட்டார்களாம். அப்புறம்தான் இரண்டு பேரும் அழுதார்கள்.

வீட்டுக்குக் கூட்டி வந்தோம், முதல் சாப்பாடு இங்கேதான் என்று ஜெனோவா ஏற்கெனவே சொல்லிவிட்டாள். மெதுவாகப் பேசுகிறவன். ஒவ்வொரு சொல்லும் எனக்குக் கேட்டது.

இட்லியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தவன் திடீரென்று, "அக்கா, ஆபீசுக்கு எப்பப் போகணும்? எல்லாருக்கும் ஒரு வணக்கம் சொல்லணும்" என்றான்.

"எந்த ஆபீசு?"

"உங்க மெயிலுக்குக் கீழ இருக்கும்லா, கடலோடிகள் குடும்ப உதவி மையம்னு. கப்பல்ல நாங்க பேசிக்குவோம், பெரிய பில்டிங்கா இருக்கும்னு. கேப்டன் சொல்லுவாரு, இத்தன பேருக்கு இவ்வளவு சீக்கிரம் பதில் போடுதாங்கன்னா மாடி மாடியா ஆள் இருக்கும்னு."

பேச்சி வாயைப் பொத்திக்கொண்டாள். ஜெனோவா மேஜையின் மறுபக்கத்தைக் கையால் காட்டினாள். லேப்டாப், அதன்மேல் ஒரு துடைக்கும் துணி, பக்கத்தில் ஊறுகாய் ஜாடி.

அவன் வெகு நேரம் அதைப் பார்த்தான். "இதுதானா?"

"இதுதான்."

"எத்தன பேரு அக்கா வேல பாக்குதாவ?"

ஜெனோவா அவன் தட்டில் இன்னும் இரண்டு இட்லி வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"ரெண்டு பேரு" என்றாள்.

சட்னி தீர்ந்துவிட்டது. நான் எழுந்து போய் அரைத்தேன்.